ஒரே மூச்சில் நியூயார்க்

திங்கள் இரவு, சாங்கி

நியூயார்க்கில் ஒரு வார வேலை. போகும்போது வழியில் எங்கும் நிற்காத விமானம், திரும்பும்போது பிராங்ஃபர்ட்டில் இறங்கி ஏறும் விமானம் என்று வேண்டுமென்றே வேறு வேறாக டிக்கெட் போட்டிருக்கிறேன். இந்த அதிநீளப் பயணங்களைப் பற்றி வெகுநாளாகப் படித்து வருகிறேன். மிச்சமாகும் நேரம் நிஜமாகவே மிச்சம்தானா, உடம்பு என்ன சொல்கிறது என்பதையெல்லாம் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு எழுத ஆசை. அன்றன்றைக்குத் தோன்றுவதை அன்றன்றைக்கே போடுகிறேன்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு நேர்தூரமே 15,300 கிலோமீட்டருக்கு மேல். நிற்காமல் பறக்கும் பயணிகள் விமானத் தடங்களில் இதைவிட நீளமானது இப்போது இல்லை. கால அட்டவணைப்படி பதினெட்டரை மணி நேரத்துக்கும் கூடுதல்.

விமானம் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறது. ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர், அதாவது அதிநீளப் பயணத்துக்கென்றே மாற்றி அமைத்த ரகம். பக்கத்தில் நிற்கும் சாதாரண ஏ350-ஐயும் இதையும் பார்த்தால் அண்ணன் எது தம்பி எது என்று சொல்ல முடியாது. உள்ளேதான் விஷயம். சாதாரண ஏ350-900 சுமார் 1,41,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். இது 1,65,000 லிட்டர் பிடிக்கும். தனியாகத் தொட்டி எதுவும் வைக்கவில்லை. இருக்கிற தொட்டிகளிலேயே இன்னும் கொஞ்சம் மேலே வரை நிரப்பும்படி குழாய்களையும் சென்சார்களையும் மாற்றி அமைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

முழுத் தொட்டியின் எடை ஏறத்தாழ 130 டன் வரும். விமானம் தரையை விட்டுக் கிளம்ப அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 280 டன். அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெய்தான். சரி, நாங்கள் எவ்வளவு? பெட்டியோடு சேர்த்து ஆளுக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் 161 பேருக்கு 16 டன். பதினாறு டன் மனிதர்களையும் பெட்டிகளையும் அமெரிக்காவில் இறக்குவதற்கு அதைப்போல எட்டு மடங்கு எண்ணெய். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது.

161 என்பதும் யோசித்து வைத்த எண்ணிக்கைதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மற்ற தொலைதூர ஏ350-களில் 253 இருக்கைகள் உண்டு. இதில் பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதா எகானமி கிடையவே கிடையாது. எடை குறைந்தால்தான் தூரம் எட்டும். ஆள் குறைந்தால் ஆளுக்கு விலை ஏறும். இந்தத் தடத்தின் கதையே இந்த இழுபறிதான். 2004-இல் இதே நிறுவனம் லாஸ் ஏஞ்சலீஸுக்கும் நியூயார்க்குக்குப் பக்கத்தில் உள்ள நுவார்க்குக்கும் நேர் விமானம் விட்டது. அது நான்கு இன்ஜின் ஏ340-500. எண்ணெய் விலை ஏற ஏறக் கட்டுப்படியாகாமல், 2008-இல் எல்லாவற்றையும் பிசினஸ் இருக்கையாக்கி 100 பேரை மட்டும் ஏற்றிப் பார்த்தார்கள். 2013 நவம்பரில் நிறுத்தியே விட்டார்கள். ஐந்து வருடம் கழித்து, 2018 அக்டோபரில், இரண்டே இன்ஜின் உள்ள இந்த விமானம் வந்த பிறகுதான் தடம் மறுபடி உயிர் பெற்றது. நியூயார்க்கின் கென்னடி நிலையத்துக்குப் பறக்க ஆரம்பித்தது 2020 நவம்பரில், உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரத்தில்.

கூப்பிடுகிறார்கள். மீதி மேலே போய்.

செவ்வாய், பசிபிக்குக்கு மேலே

நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில் கிளம்பினோம். ஓடுபாதையில் நெடுநேரம் ஓடித்தான் எழும்பியது. அந்த 130 டன் நினைப்பில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

எனக்கு ஜன்னல் இருக்கை. பக்கத்தில் எழுபது வயது இருக்கும் ஓர் அம்மா. சிங்கப்பூரில் மகன் வீட்டில் சில மாதங்கள் இருந்துவிட்டு, நியூயார்க்கில் மகளைப் பார்க்கப் போகிறார். தனியாக. பெல்ட்டைப் போட்டுக்கொண்ட கையோடு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "இது நேராத்தான் போகுது, இல்லையா தம்பி? நடுவுல எங்கயும் இறக்கிவிட மாட்டாங்களே?"

"இல்லம்மா. ஏறினா ஏறினதுதான். அங்க போய்த்தான் இறக்கம்."

"அது போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவருடைய கதையை அப்புறம் சொல்கிறேன். முதலில் வானம்.

கிழக்கு நோக்கிப் பறப்பதால் இரவு சீக்கிரம் முடிந்துவிட்டது. ஐந்து மணி நேரம் கூட ஆகவில்லை, ஜப்பான் பக்கம் போகும்போது ஜன்னல் மறைப்பின் ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு கோடு. மெல்ல அரை அங்குலம் தூக்கிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை விடிந்துகொண்டிருந்தது. அப்புறம் பசிபிக்கின் நடுவே சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டினோம், காலண்டர் திங்களுக்குத் திரும்பிவிட்டது. சூரியனை எதிர்கொண்டு பறப்பதால் பகல் ஏழெட்டு மணி நேரத்துக்குள் சுருங்கிப்போகிறது. அலாஸ்காவை நெருங்கும்போது பொழுது சாய்ந்தது. அது திங்கட்கிழமையின் சாயங்காலம். நாங்கள் இறங்கும் நேரத்தில் நியூயார்க்கில் மறுபடியும் செவ்வாய் விடியும். ஒரே செவ்வாய்க்கிழமையின் இரண்டு விடியல், ஒரே இருக்கையில்.

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதி சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்த பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கே உள்ள உலகத்துக்கும் இருந்த விமானத் தொடர்பு அறுந்துபோனது. அடுத்த வருடம், 1943 ஜூலையில், ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ்காரர்கள் கேட்டலினா என்ற கடல் விமானங்களை வைத்து அந்த அறுந்த நூலை முடிச்சுப் போட்டார்கள். இலங்கையின் தென்கரையில், காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல ஏரியிலிருந்து ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த் வரை. ஐயாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் கடல். ரேடியோவைத் தொடக் கூடாது, நட்சத்திரம் பார்த்துத்தான் வழி. மூன்று பேருக்கு மேல் பயணிகளை ஏற்ற முடியாது. மணிக்கு இருநூறு கிலோமீட்டர் சுமாரில் ஊர்ந்து, 27 மணி முதல் 33 மணி நேரம் வரை வானத்திலேயே இருந்தார்கள். வழியில் இரண்டு சூரியோதயம் பார்ப்பார்கள் என்பதால் 'இரட்டைச் சூரியோதயம்' என்றே அதற்குப் பெயர். பயணிகளுக்குச் சான்றிதழ் கூடக் கொடுத்தார்களாம். நேரத்தை வைத்துப் பார்த்தால் இன்றைக்கு இந்த ஏ350 பறப்பதை விட அவர்கள் பறந்ததுதான் நீளம். காதைக் கிழிக்கும் சத்தத்தில், குளிரில், எதிரி விமானம் வருமோ என்ற பயத்தில். எனக்கு இங்கே கம்பளியும் தலையணையும் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, என் உடம்புக்கு வருகிறேன்.

முதல் ஏழு மணி நேரம் நன்றாகவே போனது. சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்தார்கள். யாரும் எழுப்பவில்லை. இறங்கி ஏறும் பயணத்தில் நல்ல தூக்கம் பிடிக்கும் நேரத்தில் "இருக்கையை நிமிர்த்துங்கள்" என்று ஒரு குரல் வரும். அது இங்கே இல்லை. அதிநீள விமானத்தின் உண்மையான சுகம் எது என்று யாராவது கேட்டால் இந்த அறுபடாத தூக்கத்தைத்தான் சொல்வேன்.

விமானமும் இதற்கு உதவுகிறது. அலுமினிய உடல் கொண்ட பழைய விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பது மாதிரி. ஏ350-யின் உடல் பெரும்பாலும் கார்பன் இழைக் கலவையால் ஆனது. அதிக அழுத்தத்தைத் தாங்கும், ஈரத்தில் துருப்பிடிக்காது. அதனால் உள்ளே 6,000 அடி மலை அளவோடு நிறுத்த முடிகிறது, காற்றில் ஈரப்பதமும் கொஞ்சம் கூடுதலாக வைக்க முடிகிறது. தலைவலி வராததற்கு இதுதான் காரணம் என்று நம்புகிறேன். ஆனாலும் மூக்குக்குள் காய்ந்துபோய் எரிச்சல். தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

திரையில் உள்ள வரைபடத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். எனக்குச் சினிமாவை விட அது பிடித்திருக்கிறது. கிளம்பின புதிதில் உயரம் 31,000 அடி என்று காட்டியது. அந்தக் கனத்தோடு அதற்கு மேல் ஏற முடியாது. எண்ணெய் எரிந்து எடை குறையக் குறைய, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை, இன்ஜின் சத்தம் லேசாக மாறும். வரைபடத்தில் 33,000 ஆகும். அப்புறம் 35,000. இப்போது 39,000-இல் இருக்கிறோம். படிப்படியாகப் பாரம் இறக்கிக்கொண்டே மேலே ஏறுகிற இந்த வித்தையை எண்களாகப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பத்து மணி நேரம் தாண்டியதும்தான் சங்கடம் ஆரம்பித்தது. பன்னிரண்டாவது மணியிலிருந்து பதினைந்தாவது மணி வரை மோசமான நேரம். தூங்கித் தீர்த்தாயிற்று. பாதம் வீங்கி செருப்புக்குள் போக மறுக்கிறது. முழங்காலை எப்படி வைத்தாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளவில்லை. நேரம் பார்க்கவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தாலும் கண் அங்கேதான் போகிறது. தூரம் ஒருவகையில் பொருட்டே இல்லை. அசைய முடியாமல் இருப்பதுதான் வேதனை. எழுந்து நிற்கலாம் என்றால் எங்கே நிற்பது? நடைபாதையில் நின்றால் அடுத்தவர் முகத்துக்கு நேரே நிற்க வேண்டும். கழிவறை வாசலில் நின்றால் வரிசையில் நிற்பதாக நினைத்து இன்னொருவர் பின்னால் வந்து நிற்கிறார்.

பக்கத்து இருக்கை அம்மா இந்த விஷயத்தில் எல்லோரையும் விடத் தேர்ந்தவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து, இருக்கைகளின் தலைப்பக்கத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே விமானத்தின் பின்கோடி வரை போய்வருகிறார். அங்கே பணிப்பெண்ணிடம் வெந்நீர் வாங்கிக் குடித்துவிட்டு, கையால் சுவரைப் பிடித்தபடி குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்குகிறார். "டாக்டர் சொல்லிக்கொடுத்தது தம்பி. நீயும் வா, சும்மா உக்காந்திருக்காதே" என்று என்னையும் கிளப்பிவிட்டார். அவர் கூட நின்று நானும் குதிகாலைத் தூக்கினேன். பலன் தெரிகிறது.

பின்கோடியில் நின்றபோது பணிப்பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர்களுக்கும் விமானிகளுக்கும் படுக்கைகள் தனியே உண்டு, முறை வைத்துத் தூங்குகிறார்கள். விமானிகள் நான்கு பேர். எப்போதும் இருவர் முன்னால், மற்றவர்கள் ஓய்வில். விமானத்தில் கால் நீட்டிப் படுக்கிறவர்கள் பிசினஸ் பயணிகளும் ஊழியர்களும்தான். அது நியாயமும்கூட, அவர்கள் விழிப்போடு இருப்பதில்தானே எங்கள் உயிர் இருக்கிறது.

செவ்வாய் மறுபடியும், நியூயார்க்

கனடாவின் மேல் முழு இருட்டு. பின் கிழக்கில் இன்னொரு விடியல். விளக்கைப் போட்டார்கள், காலைச் சாப்பாடு வந்தது, இறங்கினோம். அட்டவணை நேரத்துக்குச் சற்று முன்பே.

இப்போது அந்த அம்மாவின் கதை. சில வருடங்களுக்கு முன் கணவரோடு இதே மகள் வீட்டுக்குப் போனபோது, ஐரோப்பாவில் ஓர் ஊரில் விமானம் மாறியிருக்கிறார்கள். வந்த விமானம் தாமதம். சக்கர நாற்காலி கேட்டு வைத்திருந்தும் வரவில்லை. பலகையில் கேட் எண் மாறிக்கொண்டே இருக்க, கணவர் ஒரு பக்கம் மூச்சு வாங்க, இருவரும் விமானத்தைத் தவறவிட்டு இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கணவர் இப்போது இல்லை. "எனக்குப் படிக்கத் தெரியும் தம்பி. ஆனா அந்த போர்டு ஓடுற வேகத்துக்கு நான் ஓட முடியாதே. அதான், தனியாப் போறதா இருந்தா இதுலதான் வருவேன்னு மகன்கிட்ட சொல்லிட்டேன். முட்டி வலிச்சா வலிச்சுட்டுப் போகுது."

இறங்கும் வாசலிலேயே அவருக்கு நாற்காலி காத்திருந்தது. தள்ளிக்கொண்டு போனவர் ஒரே வழியாக அவரைக் குடிநுழைவு வரைக்கும் அழைத்துப் போய்விட்டார். இடையில் எதுவும் மாறவில்லை, எதுவும் தவறவில்லை.

மணிக்கணக்குப் போட்டால் இறங்கி ஏறும் விமானத்தை விட மூன்று நான்கு மணி நேரம்தான் மிச்சம். அந்த மூன்று மணி நேரத்துக்காகவா இவ்வளவு எண்ணெய் என்று கேட்பவர்களோடு நானும் பல தடவை ஒத்துப்போயிருக்கிறேன். ஆனால் இந்த அம்மாவுக்கு மிச்சமானது நேரமே அல்ல, பயம். அதை எந்த அட்டவணையிலும் போட முடியாது. தனியாக வரும் பெரியவர்கள், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள், ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒருவரைப் பார்க்கப் பதறிக்கொண்டு ஓடுகிறவர்கள்: இவர்களுக்கு நிற்காத விமானம் பெரிய புண்ணியம்.

வியாழன், நியூயார்க்

இந்தப் பருவத்தில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். முள் வைத்த கைக்கடிகாரத்தைத் திருப்பவே வேண்டியதில்லை. அதே எண்தான், இரவும் பகலும் மட்டும் இடம் மாறியிருக்கும். கடிகாரத்துக்குச் சுலபம். உடம்புக்கு இதைவிடக் கஷ்டமான வித்தியாசம் கிடையாது.

நேற்று பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது இமை இரும்பாகக் கனத்தது. இரவு இரண்டு மணிக்கு முழு விழிப்பு, நல்ல பசி. உள்ளுக்குள் ஓடும் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமாராக ஒரு மணி நேரம்தான் நகரும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் என் வேலை முடிந்து நான் கிளம்பும்போதுதான் அது பாதி வழி வந்திருக்கும். வெளிச்சம்தான் அதைத் திருப்பும் சாவி என்பதால் காலையில் பூங்காவில் நடக்கிறேன், இரவில் போனைத் தொடுவதில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நிற்காமல் போனால் களைப்பே இருக்காது என்று ஒரு நினைப்பு பலருக்கு உண்டு. பயணக் களைப்பு குறையும், உண்மை. செவ்வாய் காலை இறங்கியபோது எனக்கு அது குறைவாகத்தான் இருந்தது. ஆனால் நேர வித்தியாசத்தை எந்த விமானமும் குறைத்துக் கொடுக்காது. ஒருவேளை நடுவில் ஓர் ஊரில் இரண்டு நாள் தங்கிப் போனால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். அதற்கு யாருக்கு லீவு கிடைக்கிறது?

இன்னொரு கவலை, காலில் ரத்தம் உறைவது. உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று சொன்னார்கள். பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இரண்டு மடங்கு என்றதும் பயப்பட வேண்டாம். சுமார் ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு வருவதாகத்தான் கணக்கு. ஆனால் நேரம் நீள நீள ஆபத்தும் கூடும், குறுகிய காலத்தில் பல விமானங்கள் ஏறினாலும் கூடும். ஏற்கெனவே ரத்தம் உறைந்த சரித்திரம் உள்ளவர்கள், சமீபத்தில் பெரிய ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள் டிக்கெட் போடும் முன் டாக்டரைப் பார்ப்பது நல்லது. மற்றவர்களுக்கு அந்த அம்மாவின் குதிகால் பயிற்சி.

சனி, நியூயார்க்

வேலை முடிந்தது. தூக்கம் ஓரளவு சரியானது. அந்த எண்ணெய்க் கணக்கு மட்டும் விடவில்லை.

இறங்கி ஏறும் விமானம் இரண்டு தடவை மேலேறுவதால் அதுதான் அதிகம் எரிக்கும் என்று தோன்றும். குறுகிய தூரங்களில் அந்தக் கணக்கு சரி, நிற்காமல் போவதே லாபம். ஆனால் இவ்வளவு நீண்ட தூரத்தில் வேறு ஒன்று குறுக்கே வருகிறது. கடைசி மணி நேரத்தில் எரிய வேண்டிய எண்ணெயையும் முதல் நிமிடத்திலிருந்தே சுமக்க வேண்டும். அதைச் சுமப்பதற்கே எண்ணெய் எரிகிறது. தூரம் கூடக் கூட இந்தச் சுமைகூலி ஏறிக்கொண்டே போகும். வழியில் நேர்க்கோட்டிலேயே ஓர் ஊர் கிடைத்தால், அங்கே இறங்கி நிரப்பிக்கொள்வது மொத்தத்தில் குறைவாக எரிக்கும். இதோடு, அதே விமானத்தில் 253 பேர் போகக்கூடிய இடத்தில் 161 பேர் போகிறோம் என்பதையும் சேர்த்தால், ஆளுக்கு விழும் புகையின் பங்கு இன்னும் கூடுகிறது. இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. அந்த அம்மா போகட்டும், நியாயம். கம்ப்யூட்டர் திரையில் முடித்திருக்கக்கூடிய ஒரு கூட்டத்துக்காக இப்படிப் பறப்பது நியாயமில்லை என்று இப்போது உறுதியாகத் தோன்றுகிறது.

தவிர, நிற்காத பறப்பு என்பது விமானத்தின் திறமையால் மட்டும் நடப்பதில்லை, கீழே உள்ள நாடுகளின் தயவும் வேண்டும். 2022-இல் ரஷ்யா தன் வானத்தை மூடியதும், ஃபின்லாந்து விமானங்கள் ஹெல்சின்கியிலிருந்து ஒன்பதரை மணி நேரத்தில் போன டோக்கியோவுக்கு வடதுருவத்தைச் சுற்றிப் பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டியதானது. பெர்த்திலிருந்து லண்டனுக்கு 2018 மார்ச் முதல் நேராகப் பறக்கும் குவாண்டாஸ் விமானம், 2024 ஏப்ரலில் மேற்காசியப் பதற்றத்தால் சுற்றுவழி பிடித்து, எண்ணெய் போட சிங்கப்பூரில் இறங்கியது. 2025-இல் பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டபோது டில்லியிலிருந்து வட அமெரிக்கா போய்வந்த ஏர் இந்தியா விமானங்கள் சில வியன்னாவில் இறங்கிப் போயின. இத்தனைக்கும் 2021 ஜனவரியில் நான்கு பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவத்தின் மேலாகப் பெங்களூருக்கு ஒரே மூச்சில் ஓட்டி வந்து நம்மையெல்லாம் பெருமைப்பட வைத்த நிறுவனம் அது. இயந்திரம் எட்டும் தூரத்தைக்கூட அரசியல் எட்டவிடாது.

திங்கள், பிராங்ஃபர்ட்

நேற்று இரவு கிளம்பினோம். அட்லாண்டிக்கைத் தாண்ட ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல். சாப்பாடு, காலை உணவு, இரண்டுக்கும் விளக்குப் போட்ட நேரம் போக, தூங்கக் கிடைத்தது மூன்றரை மணி நேரம். நல்ல தூக்கத்தில் எழுப்பினார்கள். நான் எதிர்பார்த்ததுதான், ஆனாலும் அந்த நிமிடத்தில் மனசு நொந்துபோகிறது.

கைப்பையோடு எல்லோரும் இறங்க வேண்டும். மறுபடியும் பாதுகாப்புச் சோதனை. பெல்ட்டைக் கழற்று, லேப்டாப்பை வெளியே எடு. வரிசை மெதுவாக நகர்ந்தது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் தட்டுக்களை எப்படி அடுக்குவது என்று தெரியாமல் திணறினார். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அந்த அம்மா இங்கே இருந்தால் என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் சோதனை முடிந்து வெளியே வந்ததும் நிலைமை வேறு. உயரமான கண்ணாடிச் சுவர், அதன் வழியே மெய்யான வெயில். நீளமான நடைபாதை, யாருக்கும் வழிவிட வேண்டியதில்லை. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கையை வீசி நடந்தேன், திரும்பி நடந்தேன். முகம் கழுவி, பல் தேய்த்து, சட்டை மாற்றினேன். முழங்காலில் இருந்த இறுக்கம் பத்து நிமிடத்தில் போன இடம் தெரியவில்லை. போகும்போது பன்னிரண்டாவது மணியில் நான் எதற்காக ஏங்கினேனோ அது இங்கே இலவசமாகக் கிடக்கிறது.

திரும்பும் வழியில் நிற்காத விமானமும் பெரும்பாலும் இந்தப் பக்கமாகத்தான் வரும். போகும்போது பசிபிக், வரும்போது அட்லாண்டிக். இரண்டு தடவையும் கிழக்கு நோக்கியே பறந்து, உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் வேகக்காற்றை முதுகில் வாங்கிக்கொள்ளும். போய்வந்தால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியதாகிறது. இந்நேரம் அதில் ஏறியிருந்தால் ஐரோப்பாவின் மேல் எங்கோ தூங்கிக்கொண்டிருப்பேன்.

செவ்வாய் காலை, சாங்கி

பிராங்ஃபர்ட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். கால் வீக்கம் இல்லை. முழங்கால் வலி இல்லை. ஆனால் தலை கனக்கிறது, கண் எரிகிறது. நியூயார்க்கில் இறங்கிய அன்றைக்கு இதற்கு நேர் எதிர்: தலை தெளிவு, கால் மரம். ஒன்று தூக்கத்தைக் கொடுத்துக் காலை வாங்கிக்கொள்கிறது. மற்றது காலைக் கொடுத்துத் தூக்கத்தை வாங்கிக்கொள்கிறது. எனக்குத் தூக்கம்தான் பெரிது. மூட்டு வலிக்காரராக இருந்து, கூடவே துணைக்கு ஒரு ஆளும் இருந்தால் பிராங்ஃபர்ட் வழியைத்தான் சொல்வேன்.

அடுத்து வரப்போவது இதைவிட நீளம். சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நிற்காமல் பறக்க குவாண்டாஸ் 12 ஏ350-1000 விமானங்களுக்கு 2022-இல் ஆர்டர் கொடுத்திருக்கிறது. கிட்டத்தட்ட 22 மணி நேரம் வரை வானத்தில். அந்தக் கொக்கல ஏரிப் பறப்பின் நினைவாகத் திட்டத்துக்கே சூரியோதயத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 2019-இல் ஐம்பது பேர் அளவில் மட்டும் ஏற்றி நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு 19 மணி 16 நிமிடம் பறந்து பார்த்தார்கள். விமானிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். எந்த நேரத்தில் விளக்கைப் போடுவது, எந்த நேரத்தில் சாப்பாடு கொடுப்பது, எப்போது எல்லோரையும் எழுப்பி அசையவிடுவது என்று சோதித்தார்கள்.

எனக்கு அதில் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அந்த விமானத்தில் 238 இருக்கைகள்தான் வைக்கிறார்கள், சாதா எகானமியும் உண்டு. கூடவே பயணிகள் எழுந்து வந்து நின்று, கையைக் காலை நீட்டி, தண்ணீர் குடிக்க நடுவில் ஓரிடத்தைத் தனியாக ஒதுக்குகிறார்கள். இருக்கை வைத்திருந்தால் காசாகியிருக்கும் இடத்தை, நிற்பதற்காக விட்டிருக்கிறார்கள். பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பறக்கும் எல்லா விமானத்திலும் இது கட்டாயமாக வேண்டும் என்பது என் கட்சி. அது ஓடத் தொடங்கி, டிக்கெட் போடும் நாள் வந்தால், அந்த இடத்தில் ஒரே சமயத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்றுதான் முதலில் விசாரிப்பேன்.